சீட்டைப் பழக்கிய பத்து நாள்

பேரம் பேசி என்னை ஜெயித்தவன் இன்னும் பிறக்கவில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

பழைய ஆபீஸ் நாற்காலிகளை வாங்கி விற்பது என் தொழில். ஒரு கம்பெனி மூடினால் முதலாளி அழுதுகொண்டே வெளியே வருவார், நான் சிரித்துக்கொண்டே உள்ளே போவேன். சுழலும் நாற்காலி, சாயும் நாற்காலி, சாய்ந்தால் திரும்பி எழாத நாற்காலி என்று எல்லாம் என் கை பட்டுப் போனவை. பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைதான் உட்கார்ந்தேன். ஒரு நாள் வகுப்புக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். நின்று பார்த்தேன், கால் வலித்தது, அப்படியே நடந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் அடிபட்டுப் படித்தது. கிழிந்த நாற்காலிக்கு ஊசியும் கையுமாகத் துணி தைத்துக் கொடுத்து ஆரம்பித்தவன், இன்று ரெண்டு கோடவுன் வைத்திருக்கிறேன். கோபம் மட்டும் அன்று இருந்த அதே சைஸில் இருக்கிறது.

என் தொழிலில் ரெண்டே விதி. எதிராளி எதைச் சொன்னாலும் அதில் பாதியைக் கேள். இது முதல் விதி. அவன் யோசிக்காமல் 'சரி' என்று சொல்லிவிட்டால் நீ ஏமாந்துவிட்டாய், வீட்டுக்குப் போய் அழு. இது இரண்டாவது விதி. முதல் விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இரண்டாவது விதி கொஞ்சம் ஞாபக மறதியில் போய்விட்டது. அதனால் வந்தது இவ்வளவும்.

ஐம்பது வயது முடிந்த அன்று காலையில் பல் தேய்த்துக்கொண்டே ஒரு சபதம் எடுத்தேன். மோட்டார் சைக்கிளில் கிளம்பி, நிலம் முடிந்து கடல் தொடங்குகிற இடத்தில் நிற்கும் கலங்கரை விளக்கத்தைத் தொட்டுவிட்டு வருவது. போக ஐந்நூற்றைம்பது கிலோமீட்டர், வர ஐந்நூற்றைம்பது. துணைக்கு டயர்க் கடைக்காரரும் பல் டாக்டரும் வருவதாகச் சொன்னார்கள். மூன்று வாரம் தள்ளி ஒரு வெள்ளிக்கிழமை என்று தேதியும் வைத்தாயிற்று.

ஒத்திகை பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் எண்பது கிலோமீட்டர் ஓட்டினேன். நாற்பதாவது கிலோமீட்டரில் பின்புறம் லேசாக முனகியது. அறுபதில் வாய்விட்டுத் திட்டியது. எண்பதில் அது என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டது. வண்டியிலிருந்து இறங்கிய பிறகும் வண்டியில் இருப்பது போலவே கால்களை அகட்டி நடந்து வீட்டுக்குள் போனேன்.

மறுநாள் மத்தியானம் என் மனைவி கேட்டாள்.

"ஏங்க, உட்கார்ந்து சாப்பிடுங்களேன்."

"நின்னு சாப்பிட்டா நல்லா செரிக்கும்."

"நேத்து டிவியும் நின்னுக்கிட்டேதான் பார்த்தீங்க."

"நாட்டு நிலைமை அப்படி. உட்கார்ந்து பார்க்கிற மாதிரியா இருக்கு நியூஸ்?"

"நீங்க கார்ட்டூன் பார்த்தீங்க."

இப்படித்தான். இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான்.

என் மனைவி வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறாள். அங்கே துணி மலை போலக் கிடக்கும். மூலையில் கறுப்பு ரெக்ஸின் சுருள் ஒன்று வேறு நிற்கும். ஏதோ பை தைக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன், கேட்டதில்லை. அந்த அறையில் நான் உட்கார்ந்ததும் இல்லை. செருப்பைக் கழற்றும் நேரத்துக்கு மட்டும் அதைக் கடந்து போவேன்.

அப்போது அவளுக்கு ஒரு பெரிய நெருக்கடி. பிஸ்கட் ஃபேக்டரி ஒன்றுக்கு நீலக் கோட்டு நூற்றிருபது தைக்கிற ஆர்டர். ஒரு வருஷம் நடையாய் நடந்து வாங்கியது. சொன்ன தேதிக்குக் கொடுத்தால் தொடர்ந்து அவளுக்கே கொடுப்பார்கள். ஒரு நாள் தவறினாலும் வேறு ஆளுக்குப் போய்விடும். அந்தத் தேதி என் பயணத்துக்கு முந்தின நாள், வியாழக்கிழமை. கோட்டெல்லாம் தைத்து முடித்துவிட்டாள். பட்டன்தான் பாக்கி. கோட்டுக்கு ஆறு.

பட்டன்தானே என்று நினைக்காதீர்கள். மெஷினில் தைத்த பட்டன் ஒரு இழை விட்டால் மொத்தமாகக் கழன்றுவிடும். கழன்றால் மாவில் விழும். மாவில் விழுந்தால் எங்கேயோ ஒரு குழந்தை பிஸ்கட்டோடு அதையும் கடிக்கும். அதனால் கையால்தான் தைக்க வேண்டும் என்று ஃபேக்டரியில் கண்டிப்பு. நாலு துளையிலும் குறுக்காக நூல், பட்டனுக்கு அடியில் மூன்று சுற்று, ரெண்டு முடிச்சு. ஒவ்வொரு பட்டனையும் பிடித்து இழுத்துப் பார்க்கவே அங்கே ஒருவர் சம்பளம் வாங்குகிறாராம். வழக்கமாகப் பட்டன் தைத்துத் தருகிற பின் தெரு அக்கா, மகளுடைய பிரசவத்துக்குப் போய்விட்டார்.

"தினம் கொஞ்ச நேரம் நீங்க உட்கார்ந்து தச்சுக் குடுங்களேன்."

"யாரு? நானா?"

"வீட்ல வேற யாருங்க இருக்கா?"

"பத்தாயிரம் நாற்காலி வித்த கை இது! பட்டன் தைக்கிற கையா?"

"உங்களுக்குத்தான் ஊசி பிடிக்கத் தெரியுமே."

"தெரியும். தைக்கிறதில்ல. தெரியாம இருக்கிறது வேற, தைக்காம இருக்கிறது வேற."

"விடுங்க. மறந்து போயிருக்கும்."

மறந்து போயிருக்குமா! என்னிடமா! ஒரு கோட்டைப் பிடுங்கினேன், ஊசியைப் பிடுங்கினேன், நின்றபடியே ஒரு பட்டனைத் தைத்து, மூன்று சுற்று சுற்றி, ரெண்டு முடிச்சுப் போட்டு அவள் மடியில் எறிந்தேன். அவள் பட்டனைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ரெண்டரை நிமிஷம்" என்றாள்.

"பார்த்தியா வேகத்தை?"

"பார்த்தேன்."

"இனிமே என்கிட்ட பட்டன் பேச்சு பேசாத. எனக்கு சீட்டு வேலை இருக்கு."

"அது சரி, அவ்வளவு தூரம் போறீங்களே, பின் சீட்டு காலியாத்தானே போகும்?"

"பின் சீட்ல பை கட்டணும்."

"என்ன பை?"

"பெரிய பை."

"நானும் கடலைப் பார்த்து ரொம்ப வருஷமாச்சு."

"போட்டோ எடுத்துட்டு வரேன்."

"ம்" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. என் மனைவி அதற்கு மேல் ஒன்றும் கேட்காவிட்டால் நான் பயந்திருக்க வேண்டும். எனக்குத்தான் அப்போது பின்புறம் தவிர வேறு யோசனையே இல்லையே.

டயர்க் கடைக்காரர் சொல்லி ஒரு சீட்டுக்காரரிடம் போனேன். மோட்டார் சைக்கிள் சீட்டைப் பிரித்து, ஆளுக்குத் தகுந்தபடி மாற்றித் தருவதில் கெட்டிக்காரராம். ஒடுக்கமான சந்தில் கடை. கூரையிலிருந்து சீட்டுகள் தலைகீழாகத் தொங்கின. சின்ன வயசுக்காரர், குறைவாகப் பேசுகிறவர். என் பழைய சீட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன் மேல் சாக்பீஸ் தூளைத் தூவி, "உட்காருங்க சார்" என்றார். பத்து நிமிஷம் உட்கார்ந்தேன். எழுந்தால் தூளில் என் பின்புறத்தின் முழு வரைபடம். சில இடங்கள் திட்டாக அழிந்திருந்தன, சில இடங்களில் தூள் அப்படியே இருந்தது.

"இந்த ரெண்டு இடம்தான் சார் உங்க எலும்பு. மொத்த எடையும் இதுலயே விழுது."

"அப்ப மெத்துனு ஒரு பஞ்சு வச்சிடு."

"மெத்துனு வச்சா ஒரு மணி நேரம் சுகமா இருக்கும். மூணாவது மணி நேரம் எலும்பு அடித்தட்டைத் தொட்டுடும். அடியில கெட்டி ஃபோம், மேலதான் மெத்து. பின்னாடி அகலம் கூட்டணும், முன்னாடி குறைக்கணும். தையல் நடுவுல வரக் கூடாது, ஓரத்துக்குப் போகணும்."

"நாற்காலியைப் பத்தி எனக்கே சொல்றியா?"

"நாற்காலி குலுங்காது சார்."

நான் நேராகப் பேரத்துக்குத் தாவினேன். ஃபோமில் கொஞ்சம் இறக்கினேன், ரெக்ஸினில் கொஞ்சம் இறக்கினேன். அவரும் அழாத குறையாக இறங்கி வந்தார். ஒரு துண்டுத் தாளில் பேர், விலாசம், போன் நம்பர் எழுதிக் கொடுத்தேன். அப்போது ஒரு வார்த்தை சொன்னார்.

"தையல் கூலி தனி சார்."

"ஏன் தனி?"

"தைக்கிறது நான் இல்ல. வெளியில குடுத்துத் தைக்கிறேன்." கூலி எவ்வளவு என்றும் சொன்னார்.

"என்ன தைக்கிறாங்க? சீட்டா, சிம்மாசனமா? பாதியாக்கச் சொல்லு."

"அவங்க கூலியில நான் கை வைக்க முடியாது சார்."

"நீ வைக்காத. நான் வைக்கிறேன். போனைப் போடு. நான் பேசறேன்."

"அவங்க கஸ்டமர்கிட்ட பேச மாட்டாங்க."

சீட்டுக்காரர் நான் எழுதிக் கொடுத்த விலாசத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி விலாசத்தைப் பார்த்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு சந்துக்குள் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கொஞ்சம் பேசினார், ரொம்ப நேரம் கேட்டார். தோள் ரெண்டும் குலுங்கின. பாவம், தூசியில் வேலை செய்கிற மனுஷன், இருமல் போலிருக்கிறது.

திரும்பி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"பாதிக்குச் சரின்னுட்டாங்க சார்."

"பார்த்தியா?"

"ஆனா ஒரு நிபந்தனை. தச்ச சீட்டை நேரா வண்டியில மாட்டக் கூடாதாம். வீட்ல வச்சு அறுபது மணி நேரம் பழக்கணுமாம். பழக்காம மாட்டினா தையல் விட்டுடும், அவங்க பொறுப்பில்லையாம்."

"பழக்கணும்னா?"

"உசரமான ஸ்டூல் மேல சீட்டை வச்சு உட்காரணும். முதுகு சாயக் கூடாது. கை ரெண்டும் ஹேண்டில்பார் பிடிக்கிற மாதிரி முன்னால இருக்கணும். சும்மா நீட்டிக்கிட்டிருந்தாப் போதாது, அசைஞ்சுக்கிட்டே இருக்கணும். அப்பத்தான் வண்டியில விழற மாதிரி எடை மாறி மாறி விழும்."

"அறுபது மணி நேரமா? அதுக்குள்ள நான் கலங்கரை விளக்கத்துக்கு நாலு தடவை போயிட்டு வந்துடுவேன்! முப்பது."

"சார்..."

"முப்பது! ஒரு நிமிஷம் கூட ஆகாது. போய்ச் சொல்லு."

மறுபடி சந்து. இந்தத் தடவை போன வேகத்தில் திரும்பினார்.

"சரின்னுட்டாங்க சார்."

இரண்டாவது விதி எனக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டிய இடம் இதுதான். வரவில்லை. கூலியில் பாதி, நேரத்தில் பாதி. சந்தை விட்டு வெளியே வரும்போது என் நடையைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். வலிக்கவே இல்லை.

மூன்றாம் நாள் சீட் வீட்டுக்கு வந்தது. அழகென்றால் அப்படி ஒரு அழகு. ஓரத்தில் ஓடிய தையல் கோடு கிழித்தது போல நேராக இருந்தது. வீட்டில் உயரமான ஸ்டூல் ஒன்றே ஒன்றுதான். என் மனைவி துணி வெட்டுவதற்கு வைத்திருப்பது, தையல் அறையில். அதைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போகப் பார்த்தேன்.

"அது எனக்கு வேணும். இங்கேயே உட்காருங்க. ஹால்ல சோபா இருக்கு, சாஞ்சுடுவீங்க."

நியாயம்தான். சீட்டை அவளே வாங்கி, ஒரு துணி உறை மாட்டி, ஸ்டூல் மேல் வைத்துக் கட்டினாள். "நீங்க தொடாதீங்க, கை அழுக்கு" என்றாள். நான் ஏறி உட்கார்ந்தேன். கைகளை நீட்டி, இல்லாத ஹேண்டில்பாரைப் பிடித்து, இப்படியும் அப்படியும் ஆட்டினேன்.

"என்ன பண்றீங்க?"

"வண்டி ஓட்டறேன்."

"எங்க போயிட்டிருக்கீங்க?"

"பேசாத. எதிர்ல லாரி."

இருபது நிமிஷத்தில் தோள்பட்டை கழன்றுவிடும் போல ஆகிவிட்டது. பேப்பரை விரித்துப் பார்த்தேன். கை அசையவில்லை, போதாக்குறைக்கு மூன்றாம் பக்கத்தில் முதுகு சாய்ந்துவிட்டது. உருளைக்கிழங்கு உரித்துப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் வீட்டில் இருந்த கிழங்கெல்லாம் தீர்ந்து போயிற்று. கண்ணை ஓட்டினேன். எதிரே அவள் மும்முரமாகப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். கை நெஞ்சுக்கு நேராக, அசைந்தபடி. எனக்குள் பல்பு எரிந்தது.

"அந்தக் கோட்டை இப்படிக் குடு."

"எதுக்கு?"

"பட்டன் தைக்கத்தான்."

"வேண்டாங்க. பத்தாயிரம் நாற்காலி வித்த கை."

"குடுன்னா குடு!"

"ஊசி குத்திடுங்க. அப்புறம் அதுக்கும் என்னைத்தான் கத்துவீங்க."

"இப்பவே கத்துவேன்! குடு!"

ரொம்பத் தயங்கினாள். கோட்டு மலையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு, போனால் போகிறது என்கிற குரலில் சொன்னாள்.

"தினம் ஒரு ஆறு கோட்டு வேணா தரேன்."

"ஆறா? என்னை யாருன்னு நினைச்சே? பன்னிரண்டு!"

"அவ்வளவு முடியாதுங்க உங்களால."

"பன்னிரண்டுன்னா பன்னிரண்டு. ஒரு கோட்டு குறைஞ்சாலும் ஊசியைத் தொட மாட்டேன். சொல்லிட்டேன்!"

அவள் பெருமூச்சு விட்டாள். "உங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியுமா?" என்றாள்.

முடியாதுதான்.

காலையில் ரெண்டு மணி நேரம், சாயங்காலம் கோடவுனிலிருந்து வந்து ஒரு மணி நேரம். பத்து நாள் திட்டம். முதல் நாள் தைத்ததை அவள் ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்தாள். நாலு பட்டன் கையோடு வந்தன.

"இது பிஸ்கட்டுக்குள்ள போயிடும்."

"போகட்டும். சுவையா இருக்கும்."

"மூணு சுத்து சுத்தச் சொன்னேன். நீங்க ரெண்டு சுத்தறீங்க."

"மூணு சொன்னா ரெண்டுதான் என் வழக்கம்."

"பட்டன்கிட்ட பேரம் பேசாதீங்க."

நாலையும் மறுபடி தைக்க வைத்தாள். இரண்டாம் நாள் ஒன்றுகூட வரவில்லை. மூன்றாம் நாள் எனக்கே தெரியாமல் ஒரு வேகம் வந்துவிட்டது. சுற்று, சுற்று, சுற்று, முடிச்சு, முடிச்சு. நீல நூலை ஒரு அரிசி அளவு விட்டு வெட்டு. இதெல்லாம் அவள் கற்றுக் கொடுத்த முறை. வெட்டின நுனியைப் பார்த்தாலே இது இந்த வீட்டு வேலை என்று தெரியும் என்பாள்.

நாலாம் நாள் டயர்க் கடைக்காரர் வழி பற்றிப் பேச வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னய்யா இது?"

"சீட்டு பழக்கறேன்."

"அது சரி. கையில என்ன?"

"ஹேண்டில்பார்."

"நீலக் கலர்லயா? பட்டன் வச்சா?"

"உனக்கு இதெல்லாம் புரியாது. எடை மாறி மாறி விழணும். பழக்காத சீட்டுல கிளம்பினா பாதி வழியில தையல் விட்டுடும். உன் சீட்டைப் பழக்கினியா நீ?"

அவர் முகம் மாறியது. "நான் அப்படியே மாட்டிட்டேனே" என்றார்.

"கழட்டிட்டு வாங்க அண்ணே" என்றாள் என் மனைவி, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. "காலர் திருப்புற வேலை கொஞ்சம் இருக்கு. அதுலயும் எடை நல்லா மாறி விழும்."

கடையைத் திறந்து போட்டுவிட்டு வந்த ஞாபகம் அவருக்குத் திடீரென்று வந்துவிட்டது. மறுநாள் பல் டாக்டர் போன் செய்தார். சட்டையில் ஒரு பட்டன் போய்விட்டதாம், எத்தனை மணிக்கு வந்தால் நான் ஃப்ரீயாக இருப்பேன் என்று கேட்டார். நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பத்து நாளில் அவளோடு பேசிய அளவு அதற்கு முந்தைய பத்து வருஷத்தில் பேசியிருப்பேனா தெரியாது. கை வேலை செய்யும்போது வாய் தானாகத் திறந்துகொள்கிறது. அந்த ஆர்டருக்காக ஃபேக்டரி வாசலில் எத்தனை நாள் நின்றாள், காவல்காரர் எப்படித் துரத்தினார், கடைசியில் அந்தக் காவல்காரரின் கிழிந்த சட்டைப் பையை அங்கேயே நின்று தைத்துக் கொடுத்து எப்படி உள்ளே போனாள் என்றெல்லாம் சொன்னாள். கேட்கக் கேட்க எனக்கே கை தட்டலாம் போல இருந்தது. கையில் ஊசி இருந்ததால் தட்டவில்லை.

"நீங்க இந்த ரூம்ல உட்கார்ந்து இப்பத்தான் முதல் தடவையா பார்க்கறேன்" என்றாள் ஒரு நாள்.

"சீட்டுக்காக."

"தெரியும். சீட்டுக்காகத்தான்."

பத்தாம் நாள், புதன்கிழமை சாயங்காலம், நூற்றிருபதாவது கோட்டின் ஆறாவது பட்டனுக்குக் கடைசி முடிச்சைப் போட்டு நிமிர்ந்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாக முப்பது மணி நேரம் முடிந்திருந்தது. பட்டனும் தீர்ந்தது, நேரமும் தீர்ந்தது. என்ன ஒரு பொருத்தம்! கடவுளாகப் பார்த்துச் செய்தது என்று அவளிடம் சொன்னேன்.

"ஆமாங்க" என்றாள். "கடவுளுக்குக் கணக்கு நல்லா வரும்."

வியாழக்கிழமை கோட்டுகள் ஃபேக்டரிக்குப் போயின. எழுநூற்று இருபது பட்டனையும் ஒருவர் இழுத்துப் பார்த்தாராம். ஒன்றுகூட அசையவில்லையாம். அவர் விரல்தான் வீங்கியதாம். வீட்டுக்கு வந்த அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நான் கவனிக்காத மாதிரி சீட்டை வண்டியில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். ஐம்பது, எண்பது, நூற்றைம்பது கிலோமீட்டர். பின்புறம் மூச்சுக்கூட விடவில்லை. பக்கத்தில் டயர்க் கடைக்காரர் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து ஓட்டினார். அப்புறம் மறுபக்கமாகச் சாய்ந்தார். பல் டாக்டர் நின்றுகொண்டே ஓட்டினார். இருநூற்றுப் பத்தாவது கிலோமீட்டரில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். பெஞ்சில் நான் மட்டும் உட்கார்ந்தேன். அவர்கள் ரெண்டு பேரும் டீயை நின்றபடி குடித்தார்கள்.

"நின்னு குடிச்சா நல்லா செரிக்குமோ?" என்று கேட்டேன்.

"அந்தச் சீட்டைக் கொஞ்சம் கழட்டிக் காட்டுய்யா" என்றார் டயர்க் கடைக்காரர். "அடியில எப்படித் தச்சிருக்காங்கன்னு பார்த்துக்கறேன். நானும் இதே மாதிரி செஞ்சுக்கணும்."

"நல்லாப் பாரு. தச்ச ஆள் யாரோ தெரியாது. ஆனா கூலியைப் பாதியாக்கினேன். பழக்குற நேரத்தையும் பாதியாக்கினேன். பேரம்னா அது பேரம்!"

சீட்டைக் கழற்றித் திருப்பிப் பிடித்தேன். ரெக்ஸின் அடிப்பக்கமாக மடிந்து வருகிற இடத்தில், வெளியே தெரியாத ஓரத்தில், தையல் முடிகிற மூலை. டயர்க் கடைக்காரர் குனிந்தார். நானும் குனிந்தேன்.

கறுப்பு ரெக்ஸினில் நீல நூல். மூன்று சுற்று. ரெண்டு முடிச்சு. ஒரு அரிசி அளவு விட்டு வெட்டின நுனி.

இதே முடிச்சை எழுநூற்று இருபது தடவை போட்டவன் நான். எனக்குத் தெரியாதா? தையல் அறை மூலையில் நின்ற கறுப்புச் சுருள் கண் முன்னால் வந்து நின்றது.

போனைப் போட்டேன்.

"நீல நூல்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

"எத்தனாவது கிலோமீட்டர்?" என்று கேட்டாள்.

"இருநூத்திப் பத்து."

"சீட்டுக்காரத் தம்பி நூறுன்னு சொன்னாரு. நான்தான் இருநூறு தாண்டும்னு சொன்னேன்."

"அவனுக்கு நீதான் தைக்கிறியா?"

"ஆறு வருஷமா. அன்னைக்கு உங்க விலாசத்தைப் பார்த்துட்டு சந்துல வந்து நின்னு, 'அக்கா, உங்க வீட்டுக்காரர் உங்க கூலியைப் பாதியாக்கச் சொல்றாரு'ன்னாரு. கூலி கேட்டா பாதியாக்குவீங்கன்னு எனக்குத் தெரியாதா? நீங்க சீட்டு வேலைன்னு சொன்ன அன்னைக்கே தம்பிக்கு போன் போட்டுட்டேன். நம்ம விலாசம் எழுதறவருக்குக் கூலியை ரெண்டு பங்கா சொல்லுங்கன்னு சொல்லி வச்சேன்."

"அப்ப அந்த அறுபது மணி நேரம்?"

"நூத்தியிருபது கோட்டு, ஆறு பட்டன், பட்டனுக்கு ரெண்டரை நிமிஷம். கணக்குப் போட்டா முப்பது வந்துச்சு. அதான் அறுபதுன்னு சொல்லச் சொன்னேன்."

"அந்த ஆறு கோட்டு?"

"அது மட்டும் பாதியா சொன்னேன். உங்களுக்கு ஒண்ணைக் குடுக்கறதா இருந்தா, அதை ரெண்டு மடங்கா கேக்கறதுதானே உங்க பழக்கம்."

"அப்ப சீட்டைப் பழக்கவே வேண்டாமா?"

"ஒரு மணி நேரம் ஓட்டினா அதுவே பழகிடுமாம்." பிறகு குரலை இறக்கிக் கேட்டாள். "வலிக்குதாங்க?"

பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். எதிரே ரெண்டு பேர் நின்றுகொண்டு டீ குடிப்பதைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

"இல்ல" என்றேன்.

"நல்லது. இன்னொரு சேதி. ஃபேக்டரியில பட்டனைப் பார்த்து அசந்து போயிட்டாங்களாம். இன்னும் இருநூறு கோட்டு கேட்டு காலையில ஆள் வந்தாச்சு."

"ரொம்ப சந்தோஷம். பின் தெரு அக்காவைக் கூப்பிட்டுக்கோ. இனிமே என்கிட்ட உன் ஜம்பம் பலிக்காது. நான் உஷாராயிட்டேன்."

"தெரியுங்க. இனிமே உங்களை ஏமாத்த முடியுமா?" என்றாள் பணிவாக. "அப்புறம், உங்க பின் சீட்டுக்கும் தச்சு வச்சிட்டேன். அடுத்த தடவை பெரிய பையெல்லாம் வேண்டாம், நான் வரேன். ஆனா இது நிஜமாவே பழக்கணும்ங்க. ஓட்டறவர் எடை, பின்னால இருக்கறவங்க எடை, ரெண்டும் சேர்ந்து இழுக்கும். சீட்டுக்காரத் தம்பியே சொன்னாரு."

"எவ்வளவு நேரம்?"

"நூறு மணி நேரம்."

"ஐம்பது!" என்று கத்தினேன். டீக்கடையே திரும்பிப் பார்த்தது.

"சரிங்க" என்றாள். யோசிக்கவே இல்லை.